மூன்று முறை தலைகாட்டிய இமைக்கட்டி

இடது மேல் இமையில் மிளகளவுக்கு ஒரு வீக்கம் தட்டுப்பட்டபோது எனக்கு வயது 58. வலி இல்லை, சிவப்பும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் மட்டுமே தோலுக்கு அடியில் ஏதோ உருளுவது போலத் தெரிந்தது. சாதாரணக் கண்கட்டி என்று எண்ணி மூன்று வாரங்கள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தேன், குறையவில்லை. அது இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் தோன்றிய புற்றுநோய் என்று உறுதியாவதற்கு அந்த நாளிலிருந்து 13 மாதங்கள் ஆயின. இந்த 13 மாதங்களில் நான்கு மருத்துவர்களைப் பார்த்தேன், கட்டியை இரண்டு முறை சுரண்டி எடுத்தார்கள், எத்தனை குப்பிச் சொட்டுமருந்து தீர்ந்தது என்பதற்குக் கணக்கில்லை. சேமிப்பில் பெரும்பகுதி கரைந்ததைப் பற்றி இப்போது அவ்வளவாக வருத்தமில்லை; அந்த மாதங்களைத்தான் இன்னும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

முதல் மருத்துவர் இமையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கலேசியான் என்றார். இமையின் உள்ளே மைபோமியன் சுரப்பிகள் என்று வரிசையாக நெடுக்காக நிற்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கும் எண்ணெய்ப் பூச்சைத் தருபவை அவைதாம். அவற்றில் ஒன்றின் வாய் அடைபட்டு எண்ணெய் உள்ளேயே தேங்கினால் வலியில்லாத கட்டியாகத் திரண்டு நிற்கும், அதுவே கலேசியான். மிகப் பெரும்பாலான இமைக்கட்டிகள் அத்தகைய தீங்கற்றவையே, ஆகவே முதல் முறை அவர் அப்படிச் சொன்னதில் நான் இன்றும் குறை காணவில்லை. இரண்டாம் மாதம் ஊசி போட்டு மரக்கச் செய்து, இமையைப் புரட்டி, உள்ளிருந்து சுரண்டி எடுத்தார். வெளிவந்தது மஞ்சள் கலந்த வெண்ணிறத்தில் பொலபொலவென்று உதிரும் ஏதோ ஒன்று. பஞ்சில் ஒற்றித் தொட்டியில் போட்டார்கள். பத்து நிமிட வேலை. நிம்மதியாக வீடு திரும்பினேன்.

நான்காம் மாதம் அதே இடத்தில் கட்டி மறுபடி எழுந்தது. பக்கத்திலும் இல்லை, கீழ் இமையிலும் இல்லை. முன்பு கீறிய தழும்பின் மேலேயே எழுந்தது. இம்முறை கட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், சற்றுச் சுருங்கியது. பிறகு அந்தக் கண் மட்டும் காலையில் சிவந்து, பிசுபிசுத்து, மணல் விழுந்தது போல உறுத்தத் தொடங்கியது. இரண்டாவது மருத்துவர் அதை இமை அழற்சி என்று கருதிச் சொட்டுமருந்துகள் எழுதித் தந்தார். ஸ்டீராய்டு கலந்த சொட்டு விடும்வரை சிவப்பு தணியும், நிறுத்தினால் ஒரு வாரத்தில் திரும்பும். தணிந்த நாட்களில் எல்லாம் குணமாகிவிட்டதாக நம்பினேன். என்னை மிகவும் ஏமாற்றியது அந்தத் தற்காலிகத் தணிவுதான் என்று இன்று தோன்றுகிறது, ஏனென்றால் கட்டியின் மீதிருந்த சந்தேகத்தை அது ஒவ்வொரு முறையும் கலைத்துவிட்டது. எட்டாம் மாதம் முதல் மருத்துவரே இரண்டாவது முறையாகச் சுரண்டினார். அப்போது நான், "டாக்டர், இதை எங்கேயாவது அனுப்பிப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டேன். "கண்கட்டிக்கெல்லாம் எதற்கம்மா பயாப்சி?" என்றார் அவர். அதற்கு மேல் வாயைத் திறக்கக் கூச்சமாக இருந்தது. எடுத்தது மறுபடியும் தொட்டிக்குள் போயிற்று.

இவ்விடத்தில் சற்று நின்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வயது 40-ஐக் கடந்த ஒருவருக்குக் கண்கட்டி ஒரே இடத்தில் இரண்டாம் முறை வந்தால், அல்லது அதன் தன்மை வழக்கத்துக்கு மாறாக இருந்தால், எடுத்த திசு நுண்ணோக்கிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். இது மருத்துவப் பாடநூல்களில் உள்ள பழைய அறிவுரை. கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. அறுவைக்கு முன்பே, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும்போதே, "எடுப்பதைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், அதற்கான கட்டணத்தை நான் தருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். திசு குப்பைக்குப் போன பிறகு கேட்டுப் பயனில்லை.

பத்தாம் மாதம் மூன்றாம் முறையாகக் கட்டி தலைகாட்டியது. மேலும் இரண்டு மாதங்களை ஒத்தடத்திலும் சலிப்பிலும் கழித்தேன். அப்படியிருக்கையில் அடையாள அட்டைக்காகப் புகைப்படம் எடுக்கப் போனேன். படம் எடுத்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணில் மை பாதியில் விட்டுப் போயிருக்கிறதே அம்மா, சரிசெய்து கொள்கிறீர்களா?" என்றார். நான் கண்ணுக்கு மை இடுவதே இல்லை. அவருக்கு மையாகத் தெரிந்தது இமைமயிரின் கருங்கோடு. இடது மேல் இமையின் நடுவில், கட்டி இருந்த இடத்துக்கு நேர் கீழே, அந்தக் கோடு அறுந்திருந்தது. வீட்டுக்கு வந்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். ஏழெட்டு மயிர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை, இமைவிளிம்பு அங்கே தடித்து, லேசான மஞ்சள் நிறத்தோடு மழுங்கியிருந்தது. ஓராண்டுக்கு முந்தைய படத்தை எடுத்து ஒப்பிட்டேன். அதில் கோடு முழுமையாக இருந்தது. மூன்று மருத்துவர்களும் நானும் தினமும் பார்த்த கண்ணில் யாரும் காணாததை ஒரு புகைப்படக்காரர் ஒரே நொடியில் கண்டுவிட்டார்.

நான்காவதாகப் போனது இமை, கண்குழி அறுவையில் தனிப்பயிற்சி பெற்ற ஒருவரிடம். அவர் இரண்டு கண்களையும் அருகருகே ஒப்பிட்டார், இமையைப் புரட்டி உட்புறத்தைப் பார்த்தார், பிறகு என் காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் கழுத்திலும் விரல்களால் அழுத்தித் தடவினார். முன்பு யாரும் என் கழுத்தைத் தொட்டதில்லை. ஒரே கண்ணில் மட்டும் மாதக்கணக்கில் நீடிக்கும் சிவப்பு, கட்டிக்கு நேரே மயிர் உதிர்வு, தடித்த மஞ்சள் விளிம்பு, சுரண்டியும் திரும்பும் கட்டி ஆகிய நான்கும் சேர்ந்தால் செபேசியஸ் சுரப்பிப் புற்றுநோயை, அதாவது எண்ணெய்ச் சுரப்பிப் புற்றுநோயை, விலக்காமல் மேலே ஓர் அடியும் வைக்கக் கூடாது என்றார். இது வேடமிடும் நோய் என்பது கண் மருத்துவத்தில் பெயர்பெற்ற செய்தி. கலேசியானாகவும் இமை அழற்சியாகவும் வெண்விழி அழற்சியாகவும் தோன்றி மாதங்களைத் தின்னும். மேலோட்டமாகச் சுரண்டி எடுத்தால் போதாது என்று, இமையின் முழுத் தடிமனிலும் ஆப்பு வடிவில் ஒரு துண்டு எடுத்தார்.

அந்தப் பரிசோதனை முடிவும் நேராக வரவில்லை. முதல் அறிக்கை செதிள் செல் புற்றுநோய் என்ற வேறொரு தோல் புற்றுநோய் என்றது. என் மருத்துவர் அதை ஏற்கவில்லை. கண் திசுக்களில் அனுபவமுள்ள வேறொரு நோய்க்குறியியல் நிபுணரிடம் திசு ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளையும் மீதித் திசுவைப் பதித்த மெழுகுக் கட்டையையும் அனுப்பச் சொன்னார். இந்த நோயை நுண்ணோக்கியின் அடியிலும் செதிள் செல், அடித்தளச் செல் புற்றுநோய்களோடு குழப்பிக்கொள்வது புதிதல்ல. செல்லுக்குள் கொழுப்பு இருப்பதைக் காட்டினால்தான் அடையாளம் உறுதிப்படும். ஆனால் திசுவை மெழுகில் பதப்படுத்தும் வழக்கமான முறையில் பயன்படும் கரைப்பான்கள் அந்தக் கொழுப்பையே கரைத்துவிடுகின்றன. ஆகவே ஒன்று, புதிய திசுவைத் தனியே எடுத்து எண்ணெய்ச் சாயம் ஏற்ற வேண்டும். அல்லது மெழுகுத் துண்டிலேயே கொழுப்புத் துளிகளைச் சுற்றியிருக்கும் அடிபோஃபிலின் போன்ற புரதங்களைத் தேடும் சாயச் சோதனை செய்ய வேண்டும். பரிசோதனைக்கு அனுப்பும் தாளில் மருத்துவர் தமது சந்தேகத்தை வெளிப்படையாக எழுத வேண்டியதன் காரணம் இதுதான். "இமைக்கட்டி" என்று மட்டும் எழுதினால் பார்ப்பவர் எதைத் தேடுவார்? மறு ஆய்வுக்கு மூன்று வாரங்கள் பிடித்தன. அந்த மூன்று வாரங்களும் யாரிடமும் சொல்லாமல் அலுவலகக் கணக்கேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே பக்கத்தைக் கூட்டி முடிக்க அரை நாள் ஆயிற்று.

பெயர் உறுதியான பிறகு நான் கேட்ட முதல் கேள்வி, எனக்கு ஏன் வந்தது என்பது. சரியான விடை எவரிடமும் இல்லை, ஆனால் யாருக்கு வாய்ப்பு அதிகம் என்பது தெரிந்திருக்கிறது. வயது ஏற ஏற வாய்ப்பு கூடும். பெரும்பாலோர் 60-ஐ ஒட்டியோ தாண்டியோ இருப்பவர்கள். பெண்களிடம் சற்று மிகுதி. இமைப் புற்றுநோய்களில் இதன் பங்கு மேலை நாடுகளில் நூற்றில் சிலவே, ஆசிய மக்களிடையே பன்மடங்கு அதிகம். அதனால் மேலை நாட்டு நூல்களைப் படித்துவிட்டு இதை அபூர்வம் என்று ஒதுக்குவது நம்மவர்களுக்குப் பொருந்தாது. மேல் இமையில் மைபோமியன் சுரப்பிகளின் எண்ணிக்கை கூடுதல் என்பதால் கட்டியும் அங்கேதான் அதிகம் தோன்றுகிறது. குழந்தைப் பருவத்தில் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோய் போன்ற நோய்க்காகக் கண்ணைச் சுற்றிக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களுக்கும் இது இளம் வயதிலேயே வரக்கூடும். ஒத்தடம் சரியாகக் கொடுக்காததாலோ கண்ணைக் கசக்கியதாலோ வந்ததோ என்று பல இரவுகள் என்னையே நொந்துகொண்டேன். அதற்கெல்லாம் ஆதாரம் எதுவுமில்லை.

கடைசியாக என் மருத்துவர் கேட்டது குடும்பத்தைப் பற்றி. "உங்கள் அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ குடல், கருப்பைப் புற்றுநோய் இருந்ததா?" என் அம்மா 47 வயதில் இறந்தார். வயிற்றுக் கட்டி என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. அதற்கு மேல் அந்தப் பேச்சை வீட்டில் எடுப்பதில்லை. அன்றிரவு அண்ணனிடம் தொலைபேசியில் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கர்ப்பப்பையில்தான் அம்மா, உனக்கெதற்கு அது இப்போது?" என்றார். அவர் என்னைச் சிறுவயதிலிருந்தே அம்மா என்றுதான் அழைப்பார். லிஞ்ச் எனப்படும் மரபுவழிக் குறைபாட்டின் ஒரு வடிவமான மியூர்-டோரே நோய்த்தொகுதியில், டி.என்.ஏ.வின் பிழைகளைத் திருத்தும் மரபணுக்கள் பழுதாகி, எண்ணெய்ச் சுரப்பிக் கட்டிகளோடு குடல், கருப்பைப் புற்றுநோய்களும் ஒரே குடும்பத்தில் வருகின்றன. இமைக் கட்டிகளில் இந்தத் தொடர்பு உடலின் பிற பகுதிக் கட்டிகளில் இருப்பதைவிடக் குறைவு. ஆனாலும் குடும்ப வரலாறு இருந்தால் கட்டித் திசுவில் அந்தத் திருத்தப் புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில் மரபணு ஆலோசனையும் பெருங்குடல் உள்நோக்கிச் சோதனையும் நோயாளிக்கு மட்டுமின்றி உறவினருக்கும் தேவைப்படலாம். என் திசுவில் நான்கு புரதங்களும் இருந்தன. அந்த முடிவு வந்த அன்றுதான் அண்ணனிடம் எனக்கு என்ன நோய் என்பதையே சொன்னேன். உங்கள் வீட்டில் இறந்தவர்கள் எந்த உறுப்பின் நோயில், எந்த வயதில் இறந்தார்கள் என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவைக்கு முன் இரண்டு வேலைகள் நடந்தன. முதலாவது, கழுத்து நிணநீர்க் கணுக்களுக்கான ஸ்கேன். மற்றது, இமையின் உட்புறத்தையும் வெண்விழியையும் மூடும் மெல்லிய சவ்வில் பத்துக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து ஊசிமுனையளவு துணுக்குகளை எடுத்து, எந்தத் துணுக்கு எந்த இடத்தது என்று வரைபடம்போல் குறித்து அனுப்புவது. இந்தப் புற்றுநோய்ச் செல்கள் கட்டியாகத் திரளாமலேயே மேற்படலத்தின் ஊடாகப் பரவக்கூடியவை, நடுவில் நல்ல பகுதியை விட்டுவிட்டுத் தாண்டியும் போகக்கூடியவை. பேஜெட்டாய்டு பரவல் என்பது அதன் பெயர். மாதக்கணக்கில் என் கண் சிவந்து கிடந்ததற்கு அதுவே காரணம். கட்டியை ஒட்டிய சவ்வில் அது இருந்தது, கீழ் இமையில் இல்லை. கீழ் இமை தப்பியது எவ்வளவு பெரிய பேறு என்பது பிறகுதான் புரிந்தது.

கட்டியின் அகலம் 12 மில்லிமீட்டர். இருபுறமும் 5 மில்லிமீட்டர் நல்ல திசுவைச் சேர்த்து எடுத்தால் 22. இமையின் மொத்த அகலமோ ஏறத்தாழ 30. இமையில் கால் பங்குக்கு உட்பட்டதை எடுத்தால் பெரும்பாலும் இழுத்துத் தைத்துவிடலாம், முக்கால் பங்கு போனால் புதிய இமையே செய்ய வேண்டும். விளிம்புகளில் செல் மிச்சமில்லை என்று திசுவை உறையவைத்து உடனே பார்க்கும் உறைதிசுச் சோதனையில் அறுவையின்போதே உறுதிசெய்துகொண்டு, கட்லர்-பியர்ட் என்ற முறையில் கீழ் இமையின் ஒரு பகுதியை அதன் விளிம்புக்கு அடியிலிருந்து மேலே இழுத்துத் தைத்தார்கள். ஆறு வாரங்கள் அந்தக் கண் மூடியே இருந்தது. ஒற்றைக் கண்ணில் ஆழம் தெரியாது என்பது படித்து அறிந்ததுதான். தம்ளரில் நீர் ஊற்றினால் விளிம்புக்கு வெளியே மேசையில் விழுந்தபோது உறைத்தது. பிறகு செம்பின் வாயைத் தம்ளர் விளிம்பில் முட்டவைத்து ஊற்றப் பழகினேன். மாடிப்படியில் கடைசிப் படிக்கு வண்ணத் தாள் ஒட்டினேன். தனியாக வாழ்பவர்கள் இந்த ஆறு வாரங்களுக்கு ஓர் ஆளை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. நான் செய்யவில்லை, முதல் வாரத்திலேயே ஒருமுறை விழுந்தேன். கண்ணைத் திறந்துவிட்ட பின், சவ்வில் எஞ்சியிருக்கக்கூடிய செல்களுக்காக மைட்டோமைசின் என்ற புற்றுநோய் மருந்துச் சொட்டு. ஒரு வாரம் விடுவது, ஒரு வாரம் நிறுத்துவது. எரிச்சல் மிகுதி. புதிய இமையில் மயிரும் இல்லை, எண்ணெய்ச் சுரப்பிகளும் முன்போல் இல்லை. கண் வறட்சிக்கான சொட்டுமருந்து இன்றும் சட்டைப்பையில் இருக்கிறது.

எவ்வளவு நாள் இருப்பேன் என்பதை நான் மருத்துவரிடம் கேட்காமல் இணையத்தில் தேடியது தவறு. 1982-இல் வெளியான ஓர் ஆய்வு கண்ணில் பட்டது: அறிகுறி தொடங்கி ஆறு மாதத்துக்குள் சிகிச்சை பெற்றவர்களில் இறப்பு 14 சதவீதம், ஆறு மாதத்தைத் தாண்டியவர்களில் 38. என்னுடையது 13 மாதம். அந்த இரவு உறங்கவில்லை. மறுநாள் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அவை இன்றைய விளிம்புச் சோதனைகளும் ஸ்கேன்களும் இல்லாத காலத்து நோயாளிகளின் எண்கள். அண்மைக்கால ஆய்வுகள் பலவற்றில் இந்நோயால் ஏற்படும் இறப்பு 10 சதவீதத்துக்கும் குறைவு. காலதாமதம் நேராகக் கொல்வதில்லை, அது கட்டியை வளரவிட்டு அதன் வழியே கெடுதல் செய்கிறது என்றார். ஆகவே என் அறிக்கையில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. 10 மில்லிமீட்டரைத் தாண்டிய அளவு, இரு இமைகளிலும் பரவல், ஒரே சமயத்தில் பல இடங்களில் தோன்றுவது, செல்கள் தம் இயல்பான உருவத்தை இழந்திருப்பது, நிணநீர்க் குழாய்க்குள்ளோ நரம்பைச் சுற்றியோ கண்குழிக்குள்ளோ ஊடுருவல், பேஜெட்டாய்டு பரவல் ஆகியவை பாதகமானவை. என்னிடம் இவற்றில் அளவும் பேஜெட்டாய்டு பரவலும் இருந்தன, மற்றவை இல்லை. இமைக்கு உறுதி தரும் இமைத்தகட்டில் ஊடுருவியிருந்ததால், கட்டியின் அளவையும் ஊடுருவலையும் குறிக்கும் நிலை டி2பி. 10 மில்லிமீட்டருக்கு மேல் போனதால் பரவும் செல்கள் முதலில் போய்ச் சேரும் நிணநீர்க் கணுவான, காதுக்கு முன்னுள்ள முதல் காவல் கணுவையும் எடுத்துப் பார்த்தார்கள். அதில் செல்கள் இல்லை. உங்கள் அறிக்கை கைக்கு வந்ததும் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள், ஏதேனும் ஒன்றைப் பற்றி அறிக்கை பேசாமலே இருந்தால் அது இல்லை என்று எடுத்துக்கொள்ளாமல் கேட்டுவிடுங்கள். சராசரி எண்ணைப் பார்ப்பதற்கு முன் இதைச் செய்திருந்தால் எனக்கு ஓர் இரவு மிச்சமாகியிருக்கும்.

கோபம் இல்லை என்று சொன்னால் பொய்யாகும். பழைய குறிப்புகளை வாங்கிவர முதல் இடத்துக்குப் போயிருந்தேன். இரண்டு தேதிகளிலும் ஒரே கையெழுத்தில் "கட்டி சுரண்டி அகற்றப்பட்டது" என்று இருந்தது. திசுப் பரிசோதனைக்கான கட்டம் இரண்டு முறையும் காலி. அந்தத் தாளைப் பிரதி எடுத்துக்கொண்டு, சண்டை போடாமல் வந்துவிட்டேன். போட்டிருக்க வேண்டுமோ என்று சில சமயம் தோன்றும்.

அறுவை முடிந்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். குறைந்தது ஐந்து ஆண்டுகள் தொடர வேண்டும், அதன் பின்னும் ஆண்டுக்கொருமுறை வரச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் இமையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காதுக்கு முன்னும் தாடைக்கடியிலும் கழுத்திலும் தடவுகிறார். மாதத்தின் முதல் நாள் குளித்த பின் நானும் அதையே செய்கிறேன். மெழுகுக் கட்டை எந்த ஆய்வகத்தில், எந்த எண்ணில் இருக்கிறது என்பதை அறிக்கையின் பின்புறம் எழுதி வைத்திருக்கிறேன். சென்ற முறை வலது கீழ் இமையில் சிறு வீக்கம் இருந்தது. மருத்துவர் வாயைத் திறக்கும் முன்பே, "எடுத்தால் அனுப்பிவிடுங்கள் டாக்டர்" என்றேன். அனுப்பினார், அது வெறும் கலேசியான்.